கடல் கடக்கும் மாணவனும் கைமாறும் பணமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வாணிபத்தின் பொருட்டு ஆடவர்கள் வெளியூர் செல்வது புதிதன்று. குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்றார்கள். கப்பலேறி மலாயாவுக்குச் சென்றார்கள். படிப்புக்காக ஊரை விட்டு அதிகம் விலகத் தேவையில்லை என்ற நிலை, 1956ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியபோது பிறந்தது. இன்றோ அதே பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்கென ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் மலேசியாவுக்கும் புறப்படுகிறார்கள். கல்வியைத் தேடிப் பயணம் போவது மார்க்கம் போற்றும் செயல். அதில் இரு கருத்தில்லை.

ஆனால் வாணிபத்துக்குப் போனவர் சம்பாதித்துப் பணம் அனுப்பினார்; படிக்கப் போகிறவருக்கு ஊரிலிருந்து பணம் போகிறது. அதுவும் பெரும்பாலும் பிறருடைய பணம்: தகப்பனாரின் வயல், தாயாரின் நகை, மாமாவின் சேமிப்பு. இப்படிக் கைமாறும் பணம் ஷரீஅத்தில் எந்தப் பெயரைப் பெறும், வங்கியிலும் வழியிலும் அதை எப்படிப் பேண வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. பணத்துக்கு முதலில் பெயர் வையுங்கள்

ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பணம் போகும்போது அது நான்கில் ஒன்றாக இருக்கும். அன்பளிப்பாகக் கொடுத்தால் ஹிபா. திருப்பித் தரும்படி கொடுத்தால் கடன். பாதுகாத்து வைக்கும்படி கொடுத்தால் அமானத். ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுத்தால் ஸதக்கா அல்லது ஸக்காத். நான்குக்கும் சட்டங்கள் வெவ்வேறு. ஹிபா கொடுக்கப்பட்டதும் பெற்றவனுடைய சொத்தாகிவிடும். கடன், வாங்கியவன் மரணித்தாலும் அவன் விட்டுச் செல்லும் சொத்தின் மீது நிற்கும். அமானத்தைச் சொந்தச் செலவுக்குத் தொடவே கூடாது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? “நீ போய் நல்லாப் படி, மத்ததைப் பிறகு பார்த்துக்கலாம்” என்ற ஒரே வார்த்தையில் இருபது, முப்பது லட்சம் கைமாறிவிடுகிறது. பையன் அதை அன்பளிப்பு என்று நினைக்கிறான். மாமா கடன் என்று நினைக்கிறார். ஐந்து வருடம் கழித்து இரு குடும்பங்களும் பேசிக்கொள்வதில்லை! இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பணத்துக்குப் பெயர் வைக்காததுதான் வினை.

தாயாரின் நகையும் அவ்வாறே. மஹராகவோ சீராகவோ அவருக்கு வந்த தங்கம் அவருடைய தனிச் சொத்து. கணவருக்கோ மகனுக்கோ அதில் தாமாக உரிமை இல்லை. அவர் மனமொப்பி எந்தப் பெயரில் தருகிறார் என்று அவரிடமே கேட்டுக்கொள்வது கடமை.

2. பிள்ளைகளுக்கிடையே நீதி

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தையார் அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி கட்டளையிட்டார்கள்; அன்பளிப்பும் திரும்பப் பெறப்பட்டது. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள செய்தி.

திராட்சைத் தோட்டத்தை விற்று மூத்தவனை அனுப்பும் தகப்பனார் இதைச் சிந்திக்க வேண்டும். இரண்டு பெண்மக்களும் ஓர் இளைய மகனும் வீட்டில் இருக்கிறார்கள். நாளை அவர்களுக்கு வாரிசாக வரக்கூடிய தோட்டம் இன்று ஒருவனுடைய கல்விக் கட்டணமாகிறது. படிப்பு, நோய் போன்ற தேவைக்காக ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகச் செலவிடலாம் என்று ஃபுகஹாக்கள் கூறியுள்ளார்கள். ஆனால் தேவையின் அளவைத் தாண்டும்போது நீதிக்கு ஒரு வழி வைக்க வேண்டும். அந்தத் தொகையையோ அதில் ஒரு பகுதியையோ மகனுக்குக் கடன் என்று எழுதிவைப்பது ஒரு வழி. அவன் சம்பாதித்ததும் அது தகப்பனாரின் சொத்துக்குத் திரும்பும். மற்றப் பிள்ளைகளுக்கும் ஈடாகக் கொடுப்பது இன்னொரு வழி. எவ்வழியாயினும் பெண்மக்கள் உட்பட எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பதே சிறந்தது. “பெண்ணுக்குத்தான் கல்யாணச் செலவு செய்தாயிற்றே” என்று அவர்கள் பங்கைக் கழிப்பது ஷரீஅத்தின் கணக்கன்று.

3. எழுதி வைத்தல்

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமான அது, தவணைக்கு வாங்கும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சோம்ப வேண்டாம் என்றும், கடன் வாங்குபவர் வாசகத்தைச் சொல்ல எழுத்தர் நீதமாக எழுத வேண்டும் என்றும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அல்லாஹ் அதில் விளக்கமாகக் கற்றுத் தருகிறான்.

“சொந்தக்காரர்களிடம் எழுத்து எதற்கு? நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. வசனம் சொந்தக்காரர்களை விலக்கிவைக்கவில்லையே! எழுதுவது சந்தேகத்தால் அன்று. மறதியாலும் மரணத்தாலும் வரும் தகராற்றைத் தடுப்பதற்காக.

ஜுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தை அமானத்தாகக் கொண்டுவருவார்கள். அவர்களோ, அது தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு நஷ்டம் வருமே என்றஞ்சி, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். ஜமல் போரின்போது அவர்கள் ஷஹீதானதும் மகனார் அப்துல்லாஹ் (ரலி) கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சமாக இருந்தது. நிலங்களை விற்று அடைத்தார்கள். அதன் பிறகும் வாரிசுகளுக்கு உடனே பங்கு பிரிக்காமல், கடன் பாக்கி உள்ளவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்தார்கள். கடனின் கனத்தை ஸஹாபாக்கள் உணர்ந்திருந்த விதம் இது. மூன்று தீனார் கடனுடன் இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் முன்வராமல், அபூ கதாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்த செய்தியும் புகாரியில் உள்ளது.

ஆகவே விமானம் ஏறும் முன் மாணவர் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: யாரிடமிருந்து எவ்வளவு, எந்தப் பெயரில், எந்தத் தேதியில், எப்போது திருப்புவது. ரூபாய்க் கடனா, டாலர்க் கடனா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ரூபாயில் வாங்கியதை ரூபாயிலேயே திருப்புவதுதான் கடமை. நாணய மதிப்பு ஏறியது என்று கூட்டிக் கேட்க இடமில்லை. நோட்டின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். அதுவே அவருடைய வஸிய்யத்துக்கும் உதவும்.

4. வட்டியின் வாசல்கள்

வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் ஆகிய அனைவரும் சாபத்தில் சமம் என்று வந்துள்ள ஹதீஸ் நாம் அறிந்ததே. வங்கிக் கல்விக் கடன் வட்டிக் கடன்தான். படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்பதால் அது இலேசாகத் தெரிகிறது. அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஓர் உதாரணம்: 20 லட்ச ரூபாயை முழுதாக 10 சதவிகிதத்துக்கு வாங்கினால், இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருட அவகாசமும் முடியும்போது தனி வட்டிக் கணக்கிலேயே 6 லட்சம் சேர்ந்திருக்கும். ஒரு தவணைகூடக் கட்டத் தொடங்குமுன் கடன் 26 லட்சம்! வேறு வழியே இல்லை, நிர்ப்பந்தம் என்று கருதுபவர், தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல், தம் நிலையை முழுதும் விவரித்து நம்பத்தகுந்த ஆலிமிடம் கேட்க வேண்டும்.

வட்டி என்ற பெயர் இல்லாத வட்டியும் உண்டு. வயலையோ வீட்டையோ ஒத்திக்கு விட்டுப் பணம் வாங்குவது நம் பக்கத்தில் சாதாரணம். பணம் கொடுத்தவர் முதலைத் திரும்பப் பெறும்வரை வயலின் விளைச்சலை அனுபவிக்கிறார். “இதில் வட்டியில்லையே” என்பார்கள். கடன் கொடுத்தவர் அக்கடனுக்காக அடைமானப் பொருளின் பலனை நிபந்தனையாக அனுபவிப்பது வட்டியைச் சேர்ந்ததே என்பது ஃபிக்ஹின் தெளிவான சட்டம்.

ஆகுமான வழிகள் என்ன? நகையை அடகு வைத்து வட்டி கட்டுவதைவிட, உரியவர் சம்மதத்தோடு தேவையான அளவை விற்பது மேல். ஏலக்காய், நெல் வைத்திருப்பவர்களுக்கு ஸலம் என்னும் முன்விற்பனை உண்டு. எடை, தரம், ஒப்படைக்கும் நாள், இடம் எல்லாம் குறித்து, முழு விலையையும் பேசும் இடத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். இன்ன தோட்டத்தில் விளைவதுதான் என்று கட்டக் கூடாது. காய் முற்றுமுன் தோட்டத்துப் பலனை மொத்தமாக விலை பேசுவது இதில் சேராது, அது தடுக்கப்பட்டது. வசதியுள்ள உறவினரோ ஜமாஅத்தோ தரும் கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடன் எல்லாவற்றிலும் சிறந்தது.

உதவித்தொகைகளையும் தேட வேண்டும். தமிழ்நாடு அரசு 2025இல் வெளிநாட்டில் முதுநிலை படிக்கும் முஸ்லிம் மாணவர்களுக்கென உதவித்தொகைத் திட்டம் அறிவித்தது. அதே சமயம் பழைய செய்தியை நம்பி ஏமாற வேண்டாம். சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய அரசின் ‘படோ பர்தேஷ்’ வட்டி மானியத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

5. கணக்கில் காட்டும் பணம்

இது இக்காலத்தில் புதிதாகத் தோன்றிய தீமை. பிரிட்டனுக்கு விசா கேட்பவர், குறிப்பிட்ட தொகை தம்முடைய அல்லது பெற்றோருடைய கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்ததாகக் காட்ட வேண்டும். பணம் இல்லாதவருக்கு, “நாங்கள் போட்டுத் தருகிறோம், விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம், இவ்வளவு கொடுத்தால் போதும்” என்று கூறும் முகவர்கள் இருக்கிறார்கள்.

இதில் மூன்று குற்றங்கள் சேர்ந்துள்ளன. கடனுக்கு மேல் கொடுக்கும் தொகை வட்டி. தன்னுடையது அல்லாததைத் தன்னுடையது எனக் காட்டுவது பொய்ச் சாட்சியம். மூன்றாவது, தனக்குத்தானே செய்துகொள்ளும் அநீதி. அந்தத் தொகையை அந்நாடு கேட்பது, வந்திறங்கும் மாணவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான். காட்டிய பணம் திரும்பிப் போனபின் வெறுங்கையோடு இறங்குபவன் வாடகைக்கு என்ன செய்வான்? ஏமாற்றியது வெளிப்பட்டால் பிரிட்டனுக்குள் நுழையப் பத்தாண்டுத் தடையும் வரக்கூடும்.

ஜெர்மனியின் முறை வேறு. ஓராண்டுச் செலவை முன்னதாகவே முடக்கக் கணக்கு ஒன்றில் போட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் மாணவன் கைக்கு வரும். தொகை அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் சமயத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

6. பணம் கடல் கடக்கும் வழி

அக்காலத்தில் வழிப்பறிக்கு அஞ்சிய வியாபாரிகள் ஓர் ஊரில் பணத்தைக் கொடுத்து, சீட்டு வாங்கி, மற்றோர் ஊரில் அதைப் பெற்றுக்கொண்டார்கள். இதற்கு ஸுஃப்தஜா என்று பெயர். மக்காவில் பணம் பெற்றுக்கொண்டு இராக்கில் கொடுக்கும்படி அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) எழுதியனுப்பியதாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. இன்றைய வங்கி மாற்றமும் அந்த வகையைச் சேர்ந்ததே. அதற்கு வங்கி கேட்பது வேலைக்கான கூலி, வட்டியன்று.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப, ரிசர்வ் வங்கி 2004ஆம் ஆண்டு ஒரு திட்டம் வகுத்தது. அப்போது ஆண்டுக்கு 25,000 டாலர் என்றிருந்த வரம்பு, 2015 முதல் ஒருவருக்கு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலராக இருக்கிறது. ஏ-2 என்னும் படிவத்தில் நோக்கம் ‘கல்வி’ என்று உண்மையாக எழுதி, பான் எண்ணும் சேர்க்கைக் கடிதமும் தர வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் வருமான வரிக்கென ஒரு பங்கை வங்கி முன்கூட்டிப் பிடிக்கும். அனுப்பியவர் வரிக்கணக்குத் தாக்கல் செய்து அதை ஈடுசெய்துகொள்ளலாம். அந்நியச் செலாவணி வேலை எல்லாக் கிளைகளிலும் நடப்பதில்லை. உள்ளூர்க் கிளை மனுவை வாங்கிப் பெரிய கிளைக்கு அனுப்பினால் நாள் பிடிக்கும். ஆகவே கட்டணத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

கூலி குறைவு என்பதை மட்டும் பார்க்க வேண்டாம். நாணய மாற்று விலையிலும் இலாபம் ஒளிந்திருக்கும். “இவ்வளவு ரூபாய் கொடுத்தால் முடிவில் எத்தனை பவுண்டு போய்ச் சேரும்?” என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடங்களில் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். நாணயம் மாற்றும்போது இரு பக்கமும் அப்போதே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது ஹதீஸில் வந்துள்ள விதி. இன்று டாலர் வாங்கி, ரூபாயை அடுத்த மாதம் தருவதாகப் பேசுவது கூடாது. நோட்டாகக் கையில் கொண்டுபோவது, பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலருக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

உண்டியல் முறையைப் பற்றிக் கேட்பார்கள். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது குற்றம். தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். மக்கள் நலனுக்கான நாட்டுச் சட்டத்தை மீறி, தன்னையும் பெற்றோரையும் ஆபத்தில் தள்ளுவது முஸ்லிமுக்கு அழகன்று. பணம் சேராமல் போனால் கேட்பதற்கு ஒரு ரசீதும் இராது.

7. இரண்டு ஊர்க் கணக்குகள்

படிக்கப் போகும் மாணவரும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியரே என்று ரிசர்வ் வங்கி 2003இல் தெளிவுபடுத்தியது. எனவே ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும்படி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். தகப்பனாரை அக்கணக்கின் இயக்க அதிகாரம் பெற்றவராக நியமிக்கலாம். இது ஃபிக்ஹில் சொல்லும் வகாலத். ஊர்க் கைபேசி எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ரகசிய எண் அதற்குத்தான் வரும்; எண் போனால் கணக்குக் கதவே அடைபட்டதுபோல்.

வட்டியில்லா வங்கியை நம் நாட்டில் அனுமதிக்கலாம் என 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தும், அதைத் தொடர்வதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. ஆகவே சேமிப்புக் கணக்கில் வட்டி சேரத்தான் செய்யும். அதைக் கணக்கிட்டு எடுத்து, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். சொந்தச் செலவுக்கோ வரி கட்டவோ பயன்படுத்தக் கூடாது என்பது ஆலிம்கள் கூறும் வழி. மலேசியாவில் 1983 முதல் பேங்க் இஸ்லாமும், பிரிட்டனில் 2004 முதல் (இன்று அல் ரய்யான் எனப்படும்) இஸ்லாமிய வங்கியும் உள்ளன. அங்கே போகும் மாணவர் அவற்றை விசாரிக்கலாம்.

மற்றோர் எச்சரிக்கை. “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னாருக்கு மாற்றிவிடு, உனக்குக் கமிஷன்” என்று கேட்பவர் நண்பரேயானாலும் மறுத்துவிடுங்கள். அது திருட்டுப் பணமாக இருக்கலாம். பிரிட்டனில் கறுப்புப் பணத்தை வெளுக்கும் குற்றத்துக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு. அறியாத பிள்ளைகளே இதில் முதலில் அகப்படுகிறார்கள்.

8. ஸக்காத்தின் சட்டம்

மாணவர் தானே என்று ஸக்காத்து நீங்கிவிடாது. ஏறக்குறைய 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்குக் குறையாத பணம் அவருக்குச் சொந்தமாக இருந்து ஒரு சந்திர ஆண்டு கழிந்தால் இரண்டரை சதவிகிதம் கடமை. ஹனஃபி மத்ஹபில் கொடுக்க வேண்டிய கடனைக் கழித்துக்கொண்டு கணக்கிடுவார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் கடன் ஸக்காத்தைத் தடுக்காது. இங்கேயும் முதல் பாடம் வந்து நிற்கிறது: தகப்பனார் தந்தது ஹிபாவா கடனா என்று தெரியாமல் கணக்கே போட முடியாது.

மாணவருக்கு ஸக்காத் கொடுக்கலாமா? அவர் ஏழையாயின் கொடுக்கலாம். பணத்தை அவருக்கு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். தாய் தந்தையர் தம் பிள்ளைக்குக் கொடுத்தால் நிறைவேறாது. மாமா, சிற்றப்பா, உடன்பிறந்தோர் கொடுக்கலாம். ஆனால் கடன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வராது என்று கண்டதும் “அதை ஸக்காத்தாக வைத்துக்கொள்” என்றால் ஹனஃபிச் சட்டப்படி அது ஸக்காத் ஆகாது.

9. நடுநிலையான செலவு

கையைக் கழுத்தோடு கட்டியதுபோல் கஞ்சத்தனமும் வேண்டாம், முற்றிலும் விரித்துவிட்டு வருந்தவும் வேண்டாம் என்பது அல்இஸ்ரா அத்தியாயம் தரும் அறிவுரையின் கருத்து. நம் பள்ளத்தாக்கின் வருமானம் பருவத்தைச் சார்ந்தது. இருபோகம் விளையும் 14,707 ஏக்கரின் முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரை ஜூன் முதல் நாள் திறப்பது வழக்கம். மழை தவறினால் அது தள்ளிப்போகும், அறுவடையும் தள்ளிப்போகும். அங்கே பல்கலைக்கழகத்தின் தவணைத் தேதி தள்ளிப்போகாது. எனவே அறுவடையை நம்பி அனுப்பும் குடும்பம், நான்கு மாதச் செலவை எப்போதும் முன்னதாகவே சேர்த்து வைத்திருப்பது அறிவுடைமை. மாணவரும் மாதம் ஒருமுறை வரவு செலவைப் பெற்றோருக்கு எழுதித் தெரிவிப்பது நல்லது. கணக்குக் காட்டுவது அவமானமன்று. அமானத்தைச் சுமப்பவனின் மரியாதை அது.

திருப்பித் தரும் எண்ணத்தோடு பிறர் பொருளைப் பெறுபவனுக்கு அதைத் திருப்பித் தர அல்லாஹ்வே துணைசெய்வான் என்பது நபிமொழியின் கருத்து. தகப்பனாரின் வயலையும் தாயாரின் வளையலையும் சுமந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு அந்த எண்ணத்தையும், அதை நிறைவேற்றும் ஆற்றலையும், ஹலாலான ரிஸ்க்கையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.